டைனமோவும் புதுசு, கட்அவுட்டும் புதுசு. ஆனாலும் பேட்டரி கொதிக்கிறது

கேள்வி: என்னிடம் 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. டைனமோ வண்டி. வீடு சேலம் அஸ்தம்பட்டி. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம். வாரம் ஒருமுறை போய் வருவேன். போன தை மாதம் டிங்கரிங் பார்த்து, முழுக்கப் பெயிண்ட் அடித்து எடுத்தேன். அதிலிருந்துதான் தொல்லை. மலை ஏறி இறங்கினால் பேட்டரி தொடமுடியாத சூடு, அழுகிய முட்டை வாடை, மூடியைச் சுற்றி ஆசிட் ஈரம். பத்து நாளைக்கு ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறேன். ஹெட்லைட் பல்பு இரண்டு தடவை போய்விட்டது. பேட்டரிக் கடையில் டைனமோ கெட்டது என்றார்கள். காயில் கட்டி, கார்பன் மாற்றினேன். காயில் கட்டியவர் கட்அவுட் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கெட்டது என்றார், புதுசு போட்டேன். இப்போதும் வண்டியை ரேஸ் செய்தால் பேட்டரியில் 16.8 வோல்ட் காட்டுகிறது, ஸ்லோவில் 12.6தான். இது இரண்டாவது பேட்டரி. ஆல்டர்னேட்டருக்கு மாறிவிடுங்கள் என்கிறார்கள். மாறிவிடட்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா, இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பெயிண்ட் அடித்த பிறகு ஆரம்பித்தது; டைனமோவும் கட்அவுட்டும் மாற்றிய பிறகும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் மாற்றியும் போகாத கோளாறு, இரண்டிலும் இல்லாமல் நடுவில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கட்அவுட்டில் 'இ' என்று எழுதியிருக்கும் டெர்மினலிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர்தான் என் முதல் சந்தேகம். பெயிண்டர் அந்த நட்டைக் கழற்றிவிட்டு, அடியில் பிரைமரும் பெயிண்டும் அடித்து, அதன் மேலேயே லக்கை (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தை) வைத்து முறுக்கியிருப்பார். பார்வைக்கு வேலை சுத்தமாகத்தான் இருக்கும்.

ஒரு எர்த் வயரால் பேட்டரி எப்படிக் கொதிக்கும் என்று தோன்றும். அது புரிந்துவிட்டால் சோதனையை நீங்களே செய்துவிடலாம், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

டைனமோவுக்குத் தன்னைத் தானே கட்டுப்படுத்தத் தெரியாது. எஞ்சின் வேகம் கூடக் கூட அதன் வோல்டேஜும் கூடிக்கொண்டே போகும். அடக்கும் வேலை கட்அவுட் பெட்டியுடையது. நாம் எல்லோரும் அதை கட்அவுட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு காயில்கள் நிற்கும். ஒன்றுதான் கட்அவுட், வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பி ஓடாமல் தடுப்பது அது. மற்றொன்று ரெகுலேட்டர். உங்கள் வண்டியில் இருப்பது லூகாஸ் முறை. டைனமோவின் ஃபீல்டு காயிலுக்கு ஒரு நுனி உள்ளேயே பாடியில் எர்த்; மற்ற நுனி 'எஃப்' டெர்மினலுக்கு வரும். டைனமோ மின்சாரம் வெளியே வரும் டெர்மினல் 'டி'. 'டி'யிலிருந்து 'எஃப்'புக்கு மின்சாரம் ரெகுலேட்டர் பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வழியாகப் போகிறது. ஃபீல்டு காயிலின் தடை ஏறத்தாழ 6 ஓம். பாயின்ட் மூடியிருக்கும்போது 2 ஆம்பியருக்கு மேல் பாயும், டைனமோ முழு வேகத்தில் கொடுக்கும். வோல்டேஜ் அளவைத் தாண்டியதும் ரெகுலேட்டர் காயில் காந்தமாகிப் பாயின்ட்டை இழுத்துத் திறக்கும். அப்போது மின்சாரம் அடியில் இருக்கும் 60 ஓமுக்குச் சற்றுக் கூடிய ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போகவேண்டும், 0.2 ஆம்பியராகச் சுருங்கும். வோல்டேஜ் விழும், பாயின்ட் மறுபடி மூடும். ஒரு வினாடிக்குள் பல முறை இப்படித் திறந்து மூடி அதிர்ந்துகொண்டே இருப்பதுதான் கட்டுப்பாடு.

அந்த ரெகுலேட்டர் காயில் வோல்டேஜை அளப்பது 'டி'க்கும் 'இ'க்கும் நடுவில். 'இ'யின் நட்டடியில் பெயிண்டும் துருவும் சேர்ந்து 2 வோல்ட்டைத் தின்றுவிட்டால், 'டி'யில் 16 வோல்ட் இருக்கும்போது காயிலுக்குக் கிடைப்பது 14தான். "இன்னும் போதவில்லை" என்று அது டைனமோவை விட்டுவிடும். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கும் கதை. தராசை மாற்றினாலும் புதுத் தராசிலும் அதே புளியை ஒட்டினால் எடை சரியாகுமா? நீங்கள் போட்ட புதுக் கட்அவுட்டும் அதே வயரில்தானே மாட்டப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எர்த் முழுக்க அறுந்து போயிருந்தால் பேட்டரி கொதித்திருக்காது. கட்அவுட் காயிலுக்கும் எர்த் அதே 'இ'தான். அது இழுக்காது, சார்ஜே ஏறாது. ஆனால் அடக்க ஆளில்லாத டைனமோ வேகத்தோடு வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் தானே கருகும். பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் இருக்கும் எர்த்தான் பேட்டரியைக் கொல்லும். மலைப்பாதைக் குலுக்கலில் அது நிமிடத்துக்கு ஒரு விதமாக இருக்கும்.

மலையில் ஏன் கூடுதலாகத் தெரிகிறது என்றால், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இரண்டாம் கியரில் ஏறுகிறீர்கள். எஞ்சின் ஓயாமல் வேகமாகச் சுழல்கிறது, டைனமோவும் கூடவே. பகலில் லைட் இல்லை, வைப்பர் இல்லை. இக்னிஷனுக்குப் போவது 3, 4 ஆம்பியர். மீதி முழுவதும் பேட்டரிக்குள்தான் போகவேண்டும். இறங்கும்போது எஞ்சின் பிரேக்கில் இன்னொரு முறை அதே கூத்து. சேலம் ஊருக்குள், சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடினால் இந்தக் கோளாறு வெளியே தெரியவே தெரியாது. டைனமோ ஸ்லோவில் சார்ஜ் செய்யாது; நீங்கள் ஸ்லோவில் பார்த்த 12.6 பேட்டரியின் சொந்த வோல்டேஜ். கடையில் வண்டியை ஸ்லோவில் விட்டு மீட்டர் வைத்து "எல்லாம் சரி" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இனி சோதனை. அதற்கு முன், கொதித்த பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். பேனட்டைத் திறந்து பத்து நிமிடம் காற்றாடவிட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். தோளில் துண்டு வேண்டாம், ஃபேன் இழுத்துவிடும். வழிந்த ஆசிட்டை ஆப்பசோடா கரைத்த நீரால் துடைக்கலாம், ஆனால் மூடித் துளைகள் வழியாக அது உள்ளே இறங்கக் கூடாது. பழைய லூகாஸ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். உங்கள் வண்டியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே நான் 'எர்த் முனை' என்று சொல்வது அதைத்தான். டிஜிட்டல் மீட்டர் மைனஸ் காட்டினால் பொருட்படுத்த வேண்டாம்.

வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், முடிந்தால் முள் மீட்டர் (துடிக்கும் வோல்டேஜை டிஜிட்டலைவிட முள் தெளிவாகக் காட்டும்), 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இரண்டு மீட்டர், இரண்டு கிளிப், உப்புத்தாள், பல் வாஷர். ஆக்சிலேட்டரை நிலையாகப் பிடிக்க இன்னொருவர்.

வயரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த் முனையில், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள். பொறி பறந்தாலும் அது பேட்டரிப் பக்கம் பறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். எஞ்சினை மிதமான வேகத்துக்கு, 2000 சுற்று வாக்கில், ஏற்றி நிறுத்தச் சொல்லுங்கள். 16-க்கு மேல் போய் நின்றதும், வயரின் மறுமுனையைக் கட்அவுட்டின் 'இ' டெர்மினல் ஸ்குரூவில் தொடுங்கள். டெர்மினல்கள் ஏ, ஏ1, எஃப், டி, இ என்ற வரிசையில் இருக்கும். 'இ' ஓரத்தில், அதற்கு அடுத்தது 'டி'. கை நழுவி 'டி'யில் பட்டால் டைனமோ நேரடி ஷார்ட் ஆகும், அதில் மட்டும் கவனம்.

தொட்ட அந்த நொடியில் மீட்டர் 16.8-லிருந்து 14-க்குப் பக்கத்தில் இறங்கினால், எஞ்சின் சத்தமும் லேசாக இலகுவானால், வேலை முடிந்தது. திருடன் கையும் களவுமாக அகப்பட்டான். வயரை எடுத்தால் மறுபடி ஏறும், தொட்டால் இறங்கும். இரண்டு மூன்று முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதே கோளாறை இன்னொரு விதமாகவும் அளக்கலாம். மீட்டரை 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒரு முனையை 'இ' ஸ்குரூவிலும் மறு முனையைப் பேட்டரி எர்த் முனையிலும் வையுங்கள். எஞ்சின் வேகத்தில் இருக்கும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அதைத் தாண்டிய ஒவ்வொன்றும் பேட்டரிக்குக் கூடுதலாக ஏறும் வோல்டேஜ். எஞ்சினை நிறுத்திவிட்டு ஓம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. மீட்டரின் சிறு மின்சாரத்துக்கு நல்ல எர்த் போலத் தெரியும் லக், வண்டி குலுங்கி ஓடும்போது வேறு கதை சொல்லும்.

சரி செய்யும் வேலை அரைமணி நேரம். பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். 'இ' வயர் பாடியில் எங்கே போய் முடிகிறதோ அந்த நட்டைக் கழற்றி, லக்கின் அடியில் படும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று வெறும் தகடு தெரியும்வரை தேய்க்கவேண்டும். புதுப் பெயிண்ட்டைச் சுரண்ட மனசு வராதுதான். ஒரு ரூபாய்க் காசு அகலம் போதும். லக் பச்சை பூத்திருந்தால் புதிதாகப் போட்டுச் சால்டர் வையுங்கள். குறட்டால் நசுக்கிவிட்டு விட்டால் ஏற்காட்டுப் பனியில் ஆறு மாதத்தில் மறுபடி பூக்கும். பல் வாஷர் வைத்து முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முறுக்குவதற்கு முன் தடவாதீர்கள். இதோடு நில்லாமல், 'இ'யிலிருந்து இன்னொரு 2.5 வயரை, பேட்டரி எர்த் பட்டை பாடியில் சேரும் போல்ட்டுக்கே நேராகக் கொண்டுபோய்விடுங்கள். இனிமேல் யார் எங்கே பெயிண்ட் அடித்தாலும் அந்த வயர் காப்பாற்றும். எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையையும் இதே கையோடு சுத்தம் செய்யுங்கள். செல்ஃப் எடுக்கும்போது சோக் கேபிள் சூடாகிறது என்றால் அதுவும் பெயிண்ட் குடித்திருக்கிறது என்று அர்த்தம்.

'இ'யில் வயர் தொட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால்?

அப்போது 'எஃப்' வயரைக் கழற்றிப் பார்க்கவேண்டும். கட்அவுட்டிலிருந்து 'எஃப்' வயரை மட்டும் எடுத்து, நுனியில் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். மீட்டர் 'டி'க்கும் எர்த்துக்கும். எஞ்சினை வேகமாக்கினால் 1.5-லிருந்து 3 வோல்ட் வரைதான் காட்டவேண்டும். இது இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால் வருவது. ஃபீல்டுக்கு மின்சாரமே போகாதபோது 12, 15 என்று ஏறினால், எங்கோ 'டி'யும் 'எஃப்'பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டைனமோவிலேயே இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, அதன் 'டி' டெர்மினலில் நேராக அளந்தால், கோளாறு உள்ளே இருக்கிறதா வயரிங்கிலா என்று பிரிந்துவிடும். உங்கள் டைனமோ சமீபத்தில் காயில் கட்டியது. ஃபீல்டு காயிலின் நுனியை கார்பன் பிடிக்கும் கிளிப்பில் உரசும்படி விட்டிருக்கலாம். டைனமோவைக் குற்றம் சொல்லும்படியான ஓவர்சார்ஜ் என்றால் இந்த ஒரு வகைதான். மற்றபடி தேய்ந்த கார்பனோ அழுக்கு கம்யூட்டேட்டரோ சார்ஜைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. பேட்டரி கொதிக்கிறது என்று போன ஆளுக்குக் கார்பன் மாற்றிக் கொடுத்தது வீண் வேலை.

எர்த் சரி, 'எஃப்' எடுத்தால் வோல்டேஜ் விழுகிறது, ஆனாலும் ஓவர்சார்ஜ் என்றால் கட்அவுட்டின் செட்டிங். இங்கேதான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள், ஏனென்றால் இந்தப் பெட்டிக்கு இரண்டு வோல்டேஜ் உண்டு. லூகாஸ் ஆர்.பி. 106 வகை, அதாவது இரண்டு காயில் பெட்டி, பேட்டரி இணைப்பில் இல்லாதபோது 16 வோல்ட்டை ஒட்டித்தான் நிற்கவேண்டும். 30 டிகிரி வெயிலில் 15.6-லிருந்து 16.2 வரை. ரெகுலேட்டர் காயிலின் மேல் தடித்த கம்பியும் சில சுற்று சுற்றியிருக்கும். சார்ஜ் மின்சாரம் அதன் வழியாகப் போகும்போது காந்தத்துக்குத் துணை சேர்ந்து வோல்டேஜைக் கீழே இழுக்கும். அதனால் பேட்டரி இணைந்து, நிறைந்து, வண்டி இருபது நிமிடம் ஓடிய பிறகு பேட்டரி முனையில் 14-லிருந்து 14.5 வரும். இது தெரியாமல் பேட்டரியைக் கழற்றி அளந்து, "ஐயோ 16" என்று ஸ்குரூவைத் திருகி 14-க்கு இறக்கினால் பேட்டரி ஒருநாளும் நிறையாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எங்கோ 16 என்று படித்தவர் பேட்டரி முனையில் 16 வரும்வரை ஏற்றுவார். உங்கள் புதுப் பெட்டியை மாட்டியவர் அப்படி ஏற்றியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதனால் எர்த் வயரைச் சரிசெய்த பிறகும் இந்த அளவை ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

அளக்கும் முறை. 'ஏ', 'ஏ1' இரண்டின் வயர்களையும் பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து டேப் சுற்றுங்கள். இப்போது இக்னிஷன் பேட்டரியில் ஓடும். டைனமோ தனியாக நிற்கும். மீட்டர் 'டி'க்கும் 'இ'க்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெல்ல வேகம் கூட்டுங்கள். முள் ஏறிக்கொண்டே வந்து, ஒரு துடி துடித்து, நிலைக்கும். நிலைத்த எண்தான் செட்டிங். அதன் பிறகும் வேகத்தோடு ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். 20 வோல்ட்டைத் தாண்டவிடக் கூடாது. அளவு தப்பியிருந்தால் எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டரின் பின்பக்க ஸ்குரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகுங்கள். வலப்புறம் திருகினால் கூடும், இடப்புறம் குறையும். மறுபடி ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் ஓடும் நேரம் ஒவ்வொரு தடவையும் 30 வினாடிக்குள் இருக்கவேண்டும். காயில் சூடானால் அதன் தடை கூடி, அளவு பொய் சொல்லும். சூடான வண்டியில் அவசரமாகச் செட் செய்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் வேறு எண் வரும்.

உங்களுக்கு நான் 15.6-ஐ, அதாவது கீழ் எல்லையைச் சொல்வேன். சேலத்தில் சித்திரை வெயில் 40-ஐத் தொடும். பேனட்டுக்குள் பேட்டரியின் சூடு அதைவிடக் கூட. பேட்டரி 10 டிகிரி சூடேறினால் அது தாங்கும் சார்ஜ் வோல்டேஜ் கால் வோல்ட் அளவுக்குக் குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டரில் மார்கழிக் காலையில் வண்டியை எடுக்கும் தோட்டத்து ஆளுக்கு 16 தேவைப்படலாம். நீங்கள் வாரத்தில் ஆறு நாள் அஸ்தம்பட்டியில் நிறுத்துகிறவர்.

பெட்டியைத் திறந்தால் மூன்று காயில் இருக்கிறது என்றால் மேலே சொன்ன எண்களை மறந்துவிடுங்கள். அது கரன்ட்டையும் தனியாகக் கட்டுப்படுத்தும் வகை. அதன் செட்டிங் ஏறத்தாழ ஒரு வோல்ட் குறைவு, டெர்மினல் பெயர்களும் வேறு. ஃபியட் கட்அவுட்டை அம்பாசிடரில் 'ஜுகாட்' செய்து மாட்டுவதும் நடக்கிறது. வெளிப்பார்வைக்குப் பழைய பெட்டி மாதிரியே செய்து உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்ததும் கிடைக்கிறது. அதில் எர்த் முனை பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்காமல் மாட்டினால் முதல் ஸ்டார்ட்டிலேயே போய்விடும்.

பாயின்ட் சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை. ரெகுலேட்டர் பாயின்ட்டை மெல்லிய கார்போரண்டம் கல்லால் தேய்க்கலாம். கட்அவுட் பாயின்ட் வெள்ளி. அதில் எமரியோ கல்லோ படக் கூடாது, மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்றே போதும். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துகளைத் துடைத்துவிடுங்கள். இடைவெளிகளைத் தொடாதீர்கள்.

டைனமோவைக் கழற்றி மாட்டியிருப்பதால் இன்னொன்று. பேட்டரியை எப்போதாவது முனை மாற்றி மாட்டியிருந்தாலும், காயில் கட்டிய பிறகும், டைனமோவுக்குக் காந்தத் திசை காட்டவேண்டும். 'எஃப்' வயரைக் கட்அவுட்டிலிருந்து எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் 'எஃப்' டெர்மினலை ஒரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். கட்அவுட்டில் வயர் மாட்டியிருக்கும்போதே தொட்டால் பாயின்ட் கருகும்.

இனி பேட்டரி. இவ்வளவு கொதித்த பிறகு அது நல்ல நிலையில் இருக்குமா என்பது தனிக் கேள்வி. ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் இரண்டு நிமிடம் ஹெட்லைட் போட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளந்தால் 12.5-லிருந்து 12.7 இருக்கவேண்டும். 10.5-ஐ ஒட்டி இருந்தால் ஒரு செல் செத்துவிட்டது. அப்படிப்பட்ட பேட்டரி சரியான ரெகுலேட்டரிலும் ஓயாமல் மின்சாரம் குடித்துச் சூடாகும். கோளாறை அங்கேயும் தேட நேரும். ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் கிராவிட்டி, அதாவது அடர்த்தி, அளக்கும் கருவி) ஆறு செல்லையும் பார்த்து, ஒரு செல் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைவாக இருந்தால் அதற்கு இனிச் செலவு செய்யாதீர்கள். மொத்த அளவு எவ்வளவு என்பதைவிடச் செல்களுக்குள் வித்தியாசம்தான் பேசும்.

குறைந்த நீருக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். பிளேட்டுக்கு மேல் 10 மில்லிமீட்டர் நிற்கட்டும். சில கடைகளில் கிராவிட்டி குறைவு என்று ஆசிட் ஊற்றுவார்கள். கொதித்துப் போனது தண்ணீர். ஆசிட் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஆசிட் சேர்த்தால் பிளேட் அரித்துவிடும். புதுசு வாங்க நேர்ந்தால் நீர் ஊற்றும் மூடி உள்ள சாதாரண வகையே வாங்குங்கள். மூடியில்லாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி, அதிரும் பாயின்ட் ரெகுலேட்டரோடு ஒத்துப்போகாது. போன நீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. அதுவும் கோளாறு சரியாகி இரண்டு தடவை மலை ஏறி இறங்கிய பிறகே வாங்குங்கள். மூன்றாவது பேட்டரியையும் அதே 16.8-க்குப் பலி கொடுக்கவேண்டாம்.

இடையில் தோட்டத்துக்குப் போயே ஆகவேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. 'எஃப்' வயரைக் கட்அவுட்டிலிருந்து எடுத்து டேப் சுற்றிவிட்டு, டைனமோ இல்லாமலே போய் வாருங்கள். சார்ஜ் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பயப்படவேண்டாம். பகலில் இக்னிஷனுக்கு 4 ஆம்பியர் என்று வைத்தாலும், மூன்று மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. முழுச் சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி அதைத் தாங்கும். மழை, பனி, இருட்டு மூன்றும் சேர்ந்தால் தாங்காது, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். ஏறும்போது ஹெட்லைட்டைப் போட்டு மிச்ச சார்ஜைச் செலவழிக்கச் சிலர் சொல்வார்கள். 16.8 வோல்ட்டில் அந்தப் பல்புகள் போவதைத்தான் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்துவிட்டீர்களே.

ஆல்டர்னேட்டர் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் டைனமோ 20 ஆம்பியரை ஒட்டிக் கொடுக்கக்கூடியது. ஹெட்லைட், இக்னிஷன், வைப்பர், ஹார்ன் இவற்றுக்கு அது தாராளம். ஏசி, பெரிய ஸ்டீரியோ, கூடுதல் ஃபாக் லைட் என்று போகும் எண்ணமிருந்தால் மாற்றுவதில் நியாயம் உண்டு. பிராக்கெட், புல்லி, வயரிங் மூன்றையும் மாற்றவேண்டும். எர்த் கோளாறுக்காக மட்டும் மாற்றுவது வீண் செலவு; ஆல்டர்னேட்டருக்கும் நல்ல எர்த் வேண்டும். வின்டேஜ் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் ஆசை இருந்தால், பேனட்டைத் திறந்ததும் அங்கே வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் பழைய டைனமோ இருக்கிறதா என்றுதான்.

வேலை முடிந்து முதல் தடவை மலை ஏறும்போது மீட்டரைக் காரிலேயே வைத்திருங்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை வந்ததும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், வேகம் கொடுத்துப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 14.5-க்குள் இருந்தால் நிம்மதியாக நாகலூர் போகலாம். பேட்டரியின் பக்கவாட்டைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும் இருக்கவேண்டும். அடுத்த ஒரு மாதத்தில் நீர் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கக் கூடாது. இத்தனை நாள் கூடுதல் வோல்டேஜில் ஓடியதால் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டும் கருகியிருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள், கண்டென்சரையும் சேர்த்து. டைனமோவின் பின்பக்க புஷ்ஷில் எண்ணெய்த் துளை இருக்கும். காயில் கட்டியவர் விட்டிருக்க மாட்டார், இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கழற்றிய பழைய கட்அவுட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தீர்களா, வீட்டில் இருக்கிறதா? இருந்தால் தேடி எடுங்கள். எர்த் சரியான பிறகு அதையே மாட்டி, 'டி'க்கும் 'இ'க்கும் நடுவில் அளந்து பாருங்கள். 15.6-க்கும் 16.2-க்கும் நடுவில் நின்றால், அது கெடவே இல்லை. புதுசை டிக்கியில் ஸ்பேராகப் போட்டுவைக்கலாம்.